ஏழு போட்டி, ஏழு வெற்றி: இப்போதே பத்துச் சுற்றுப் போட்டியை ஏற்கலாமா?

கேள்வி: பயிற்றுநர்126

வணக்கம். பதினோரு ஆண்டுகளாக, அமெச்சூர் காலத்திலிருந்தே, நான் பயிற்சி அளித்து வரும் ஒரு வீராங்கனையைப் பற்றி இங்குள்ள அனுபவசாலிகளிடம் ஆலோசனை கேட்க விரும்புகிறேன். அவளுக்குப் பயிற்சியாளரும் நான்தான், மேனேஜரும் நான்தான். ஆகவே தவறு நடந்தால் பழியைப் பகிர்ந்துகொள்ள வேறு யாரும் இல்லை.

அவளுக்கு வயது 28. தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. எடைப்பிரிவு ஃபெதர்வெயிட், அதாவது 126 பவுண்டு. இதுவரை ஏழு போட்டிகளில் ஏழு வெற்றிகள். அவற்றில் இரண்டு மட்டுமே நாக்அவுட். முதல் நான்கும் நான்கு சுற்றுப் போட்டிகள், அடுத்த மூன்றும் ஆறு சுற்றுப் போட்டிகள். நேற்று இரவு என் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு போட்டிகள் பாதியிலேயே முடிந்துவிட்டதால் அவள் ஆடியது மொத்தம் 29 சுற்றுகள்தான். சுற்றுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால், இரண்டரை ஆண்டுகளில் அவள் ரிங்குக்குள் சண்டையிட்ட நேரம் ஒரு மணி நேரத்தைக்கூட எட்டவில்லை.

போன வாரம், போட்டிகளை ஏற்பாடு செய்து நடத்தும் ஒரு பெரிய புரமோட்டரின் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அவர்களுடைய வீராங்கனை ஒருவர், ஏற்கெனவே ஒருமுறை உலகப் பட்டத்துக்காக ஆடித் தோற்றவர், 16 வெற்றியும் 2 தோல்வியும் உள்ளவர், 130 பவுண்டு பிரிவில், உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகளில் இரண்டின் தரவரிசையில் முதல் பத்துக்குள் இருப்பவர். போட்டி பத்துச் சுற்று. அவர்கள் ஊரில், அவர்கள் அரங்கில். இன்னும் ஐந்து வாரங்களில். தருவதாகச் சொல்லும் ஊதியம் அவள் ஏழு போட்டிகளுக்கும் சேர்த்து வாங்கியதைவிட அதிகம்.

ஆண்கள் பிரிவில் பழகிய கண்ணோடு பார்த்தால் இது அகலக் கால் வைப்பதுதான். அங்கே வளர்ந்து வரும் ஒருவருக்குப் பதினைந்து இருபது போட்டிகள் கொடுத்து, படிப்படியாக எதிராளிகளைக் கடினமாக்கி, அதன் பிறகே இப்படிப்பட்ட இடத்தில் நிறுத்துவார்கள். பெண்கள் பிரிவில் அதே கணக்கு செல்லுமா என்பதுதான் என் கேள்வி. அவளைக் கேட்டால் "சரி என்று சொல்லுங்கள் மாஸ்டர்" என்கிறாள். அவள் ஒருபோதும் வேண்டாம் என்று சொன்னதில்லை என்பதால் அந்தச் சம்மதத்தை மட்டும் வைத்து நான் முடிவெடுக்க இயலாது.


பதில்: ஜோடிசேர்ப்பவர்

ஐயா, பதினாறு ஆண்டுகள் சிறிய அரங்குகளுக்கு மேட்ச்மேக்கராக ஜோடி சேர்த்தவன் என்ற முறையில், அந்த அலுவலகத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை முதலில் சொல்கிறேன்.

அவர்களுடைய வீராங்கனைக்குத் தேதி முன்பே குறிக்கப்பட்டுவிட்டது. ஒப்புக்கொண்டிருந்த எதிராளி காயத்தாலோ வேறு காரணத்தாலோ விலகியிருப்பார். ஐந்து வார அவகாசத்தில் வரும் அழைப்பு பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான். மேட்ச்மேக்கர் அந்த எடைக்கு மேலும் கீழும் உள்ள பெயர்களை எல்லாம் வரிசையாகப் பார்த்திருப்பார். உரிமம் நடப்பில் இருக்க வேண்டும், மருத்துவச் சோதனைகள் முடிந்திருக்க வேண்டும், உடம்பு தயார்நிலையில் இருக்க வேண்டும், போஸ்டரில் போட்டால் பார்க்கிறவர் முகம் சுளிக்காத ரெக்கார்டு இருக்க வேண்டும். ஆண்கள் பிரிவில் இந்த நான்கு சல்லடையிலும் சலித்த பிறகும் முப்பது பேர் மிஞ்சுவார்கள். பெண்கள் பிரிவில் சில நேரம் மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள்.

அந்த மூவரில் உங்கள் மாணவியை ஏன் எடுத்தார்கள்? தோல்வியே இல்லாதவர் என்பதால் போஸ்டருக்கு அழகு. ஏழில் இரண்டே நாக்அவுட் என்பதால் குத்தில் ஆபத்து இல்லை என்று நினைக்கிறார்கள். கீழ் எடையிலிருந்து வருவதால் உடலளவில் சிறியவர். ஆறு சுற்றுக்கு மேல் போனதே இல்லை என்பதால் ஏழாவது சுற்றிலிருந்து தளர்வார் என்பது எதிர்பார்ப்பு. சுருக்கமாகச் சொன்னால், கௌரவமாகத் தோற்பார் என்று நம்பித்தான் அழைத்திருக்கிறார்கள். இதைச் சொல்வது உங்களை வருத்துவதற்காக அல்ல. நானே நூறு முறை இப்படி அழைத்திருக்கிறேன். பல முறை என் கணக்கு தப்பியிருக்கிறது.

பெண்கள் பிரிவில் அந்தக் கணக்கு இன்னும் அதிகமாகத் தப்பும். இரண்டு நிமிடச் சுற்றில் ஒருவரை நிலைகுலைய வைத்த பிறகு முடித்துவைக்க நேரம் கிடைப்பதில்லை. மணி அடித்துவிடுகிறது, அவரும் ஒரு நிமிடம் ஸ்டூலில் உட்கார்ந்து தெளிந்துவிடுகிறார். ஆகவே நாக்அவுட் எண்ணிக்கையை வைத்துக் குத்தின் பலத்தை அளப்பது ஆண்கள் பிரிவைவிட இங்கே பெரிய பிழை. அலிசியா பாம்கார்ட்னர் 2021 நவம்பரில் ஷெஃபீல்டுக்கு வந்தபோது 10 வெற்றி, 1 தோல்வி. எதிரில் இருந்தவர் சொந்த ஊர்க்காரர்கள் நிறைந்த அரங்கில் ஆடிய உலகச் சாம்பியன் டெரி ஹார்ப்பர், தோல்வியே காணாதவர். நான்காவது சுற்றில் ஒரு வலது கைக் குத்து, ஹார்ப்பர் நின்றபடியே நினைவு தப்பியவரைப் போலானார், ரெஃபரி நிறுத்தினார், பட்டம் கைமாறியது. ஒன்றரை ஆண்டுக்குள் பாம்கார்ட்னர் அந்தப் பிரிவின் எல்லாப் பெல்ட்டுகளையும், அதாவது எல்லா அமைப்புகளின் உலகப் பட்டங்களையும், வைத்திருந்தார். வெளியூர்க்காரராக அழைக்கப்பட்டவர்தான் அவர்.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ஆண்கள் பிரிவில் படிப்படியாக ஏற்றுகிறார்கள் என்றால் அங்கே ஏறுவதற்குப் படிகள் இருக்கின்றன. கட்டிப்பிடித்தே காலத்தைக் கடத்தும் அனுபவசாலி, ஓடிக்கொண்டே இருப்பவர், நான்கு சுற்று வரை மட்டும் அபாயமானவர், முன்னாள் சாம்பியன் என்று வகைக்கு ஒருவரைத் தேடிப் பிடிக்கலாம். பெண்கள் பிரிவில் பல எடைகளில் நடுப்படிகளே இல்லை. இரண்டு வெற்றியும் ஒன்பது தோல்வியும் உள்ளவரை விட்டால் அடுத்து நேராகத் தரவரிசைக்காரர்தான். நீங்கள் இந்தப் போட்டியை மறுத்தால் அடுத்து உங்களுக்குக் கிடைக்கப்போவது எட்டாவது படி அல்ல. ஏற்கெனவே ஏழு முறை ஏறிய அதே முதல் படி.


பதில்: பெல்ட்பிரியன்

தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. கிளாரெசா ஷீல்ட்ஸ் தம் நான்காவது போட்டியிலேயே 2017 ஆகஸ்டில் உலகப் பட்டம் வென்றார். கேட்டி டெய்லர் அதே ஆண்டு அக்டோபரில் ஏழாவது போட்டியில் வென்றார். லாரன் பிரைஸும் ஏழாவது போட்டியில்தான், 2024 மே மாதம் கார்டிஃபில் ஜெசிகா மெக்காஸ்கிலை வீழ்த்திப் பட்டம் பெற்றார். உங்கள் மாணவியும் ஏழு போட்டி முடித்துவிட்டார். எட்டாவதில் பட்டப் போட்டிகூட இல்லை, தரவரிசைப் போட்டிதானே. பெண்கள் பிரிவில் காத்திருப்பவர்களுக்கு எதுவும் தானாக வந்து சேர்வதில்லை.


பதில்: நீலமூலை

ஓய்வு பெற்ற குத்துச்சண்டை வீராங்கனை நான். என் போட்டி வாழ்வில் பாதிக்கு மேல் நீல மூலையில், அதாவது வெளியூர்க்காரியின் மூலையில், கழிந்தது. முதலில் பெல்ட்பிரியன் அவர்களுக்கு ஒரு சொல். நீங்கள் குறிப்பிட்ட மூவரும் ஒலிம்பிக் தங்கம் வென்ற பிறகே தொழில்முறைக்கு வந்தவர்கள். ஷீல்ட்ஸிடம் இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள் இருந்தன, டெய்லரிடம் ஓர் ஒலிம்பிக் தங்கத்தோடு ஐந்து உலக அமெச்சூர் பட்டங்களும் இருந்தன. அவர்களின் ஏழாவது போட்டி என்பது மற்றவர்களின் ஏழாவது போட்டி அல்ல. அவர்களின் எண்களை எடுத்து மற்றவர் தலையில் வைப்பது நியாயமும் ஆகாது.

இனி உங்களுக்கு, மாஸ்டர். தோல்வியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் உங்கள் கேள்வி முழுவதிலும் அந்தப் பயம்தான் இருக்கிறது. ஏழு வெற்றிக்கு எதிரே நிற்கும் அந்தச் சுழி, அதாவது தோல்வியில் பூஜ்ஜியம், உடைந்துவிடுமோ என்ற பயம். ஆண்கள் பிரிவில் அந்தச் சுழிக்கு ஒரு விலை உண்டு. பெண்கள் பிரிவில் அந்த விலை குறைவு என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஃப்ராங்கான் க்ரூஸ் தம் முதல் போட்டியிலேயே ஷீல்ட்ஸிடம் தோற்றார். அதே ஃப்ராங்கான், 2022 ஏப்ரல் 30 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சூப்பர் மிடில்வெயிட் பிரிவின் நான்கு பெல்ட்டுகளையும் ஒன்றாகத் தூக்கினார். மெக்காஸ்கில் 2017 டிசம்பரில் டெய்லரிடம் புள்ளிகளில் தோற்றார். அந்த இரவு அவர் கொடுத்த அழுத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவர் பெயர் பலருக்குத் தெரிந்தது. மறு ஆண்டே பட்டம் வென்றார், 2020 ஆகஸ்டில் அதுவரை தோல்வியே அறியாத சிசிலியா பிரேக்ஹஸை வீழ்த்தினார். டெல்ஃபின் பெர்சூன் 2019 ஜூனில் டெய்லரிடம் பெரும்பான்மைத் தீர்ப்பில் தோற்றார். ஒரு நடுவர் சமம் என்றே குறித்திருந்தார். அந்தத் தோல்வி அவருக்குக் கொடுத்த மதிப்பை அதற்கு முந்தைய பல வெற்றிகள் கொடுக்கவில்லை.

ஆனால் எல்லாத் தோல்வியும் இப்படிப்பட்டதல்ல, இதை என் உடம்பே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. ஒன்பதாவது போட்டியாக எனக்கும் இதே போன்ற அழைப்பு வந்தது. அப்போது என் அனுபவம் ஆறு சுற்று. ஒப்புக்கொண்ட எடை ஒன்று. போட்டிக்கு எட்டு நாள் முன்பு தொலைபேசியில் மூன்று பவுண்டு கூட்டினார்கள், ஊதியத்தில் கொஞ்சம் சேர்ப்பதாகச் சொன்னார்கள், என் மேனேஜரும் சரி என்றுவிட்டார். எடை பார்க்கும் மேடையில் நான் காலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டே ஏறினேன். எதிரில் நின்றவர் கன்னம் ஒட்டி, உதடு வெடித்து நின்றார். மறுநாள் மாலை அதே பெண், குறைத்த எடையை மீண்டும் ஏற்றிக்கொண்டு, என்னைவிட உடலளவில் பெரியவராக ரிங்குக்குள் வந்தார்.

முதல் ஐந்து சுற்றும் என் கையில்தான் இருந்தன. ஏழாவது சுற்றில் என்ன நடந்தது என்பது இன்றும் அப்படியே நினைவில் நிற்கிறது. சுற்று முடியப் பத்து நொடி இருக்கையில் மரக்கட்டையைத் தட்டுவார்களே, அந்த ஓசை கேட்டது. ஆறு சுற்றுப் போட்டிகளில் பழகிப்போன என் உடம்பு, எப்போதோ முடிந்திருக்க வேண்டிய போட்டி இது என்று நினைத்ததோ என்னவோ, என் இடது கை தாடையிலிருந்து நான்கு விரல் கீழே இறங்கியது. அவருடைய வலது அந்த இடைவெளியில் நேராக வந்தது. நான் விழவில்லை. ஆனால் அடுத்த மூன்று சுற்றும் நான் ஆடியது வெறும் பிழைத்திருப்பதற்காக. தீர்ப்பு மூவரும் அவருக்கே. அதன் பிறகு பதினான்கு மாதம் என்னை யாரும் அழைக்கவில்லை. என்னை அழைத்தால் ஆபத்து என்றும் யாரும் நினைக்கவில்லை, என்னைப் பார்க்க வேண்டும் என்றும் யாரும் விரும்பவில்லை.

ஆகவே அவள் வெல்வாளா என்பதைவிட, தோற்றால் எப்படித் தோற்பாள் என்பதை நீங்கள் முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். எட்டாவது, ஒன்பதாவது சுற்றிலும் அவள் குத்திக்கொண்டே இருப்பாள் என்று உங்கள் மனம் சொன்னால் போங்கள். அதற்கு உங்களிடம் சான்று இருக்கிறதா? ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், பத்துச் சுற்று ஆடியிருக்கிறாளா? ஒரே ஆளோடு அல்ல, மூன்று சுற்றுக்கு ஒருமுறை புதிதாக ஒருவர் உள்ளே வரும் ஸ்பாரிங்கைக் கேட்கிறேன்.


பதில்: கைக்கட்டுத்துணி

நீலமூலை அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நானும் பயிற்சியாளன்தான். என் கருத்து முந்தைய பதில்களிலிருந்து வேறுபடுகிறது: இந்தப் போட்டியை இந்த நிபந்தனைகளோடு ஏற்கக் கூடாது.

எதிராளிகள் குறைவு என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. அந்தக் குறைவே வீராங்கனையைக் காக்க வேண்டிய காரணமும் ஆகிறது. நாக்அவுட் அரிது என்றால் முடிவு நடுவர்களின் சீட்டில்தான் எழுதப்படும். சீட்டில் எழுதப்படும் போட்டியை எதிராளியின் ஊரில், எதிராளியின் புரமோட்டருடைய அரங்கில் ஆடுவது ஆண்கள் பிரிவைவிட இங்கே அதிகம் பாதிக்கும். இரண்டு நிமிடச் சுற்றில் மெதுவாகத் தொடங்கி எதிராளியைப் படித்துப் பார்க்க நேரமே இல்லை. முதல் நிமிடத்தை விட்டுவிட்டால் அரைச் சுற்று போயிற்று. உள்ளூர்க்காரர் கடைசி இருபது நொடியில் கைகளை வீசினால் அரங்கம் எழுந்து கூச்சலிடும். அந்தச் சத்தம் நடுவரின் காதிலும் விழும்.

அடுத்தது உழைப்பின் அளவு. ஆண்களின் பட்டப் போட்டி 12 சுற்று, 36 நிமிடம். பெண்களுடையது 10 சுற்று, 20 நிமிடம். இதைப் பார்த்துவிட்டுப் பெண்களின் பத்துச் சுற்று எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. சுற்று சுருங்கும்போது வேகம் கூடுகிறது. ஓய்வெடுக்கும் நொடிகள்தான் முதலில் காணாமல் போகின்றன. அமாண்டா செரானோ 2023 அக்டோபரில் டானிலா ராமோஸுடன் மூன்று நிமிடச் சுற்றுகளாகப் பன்னிரண்டு ஆடிக் காட்டியதும், உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான, மூன்று நிமிடச் சுற்றை அனுமதிக்காத டபிள்யூபிசியின் பட்டத்தைத் துறந்ததும், பெண்களால் அது முடியும் என்று நிறுவத்தான். அவருடைய துணிவுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் அவர் அதைச் செய்தபோது அவருக்குப் பின்னால் நாற்பதுக்கும் மேற்பட்ட வெற்றிகள் இருந்தன. 29 சுற்று மட்டுமே ஆடிய ஒருவருக்கு அவர் முன்மாதிரி ஆகமாட்டார்.

எடை ஏறுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடாஷா ஜோனஸ் 2020இல் 130 பவுண்டில் ஹார்ப்பரோடு சமன் செய்தார். 2022இல் 154 பவுண்டுக்குப் போய் ஒரே ஆண்டில் மூன்று பெல்ட்டுகளை வென்றார். பாம்கார்ட்னரிடம் தோற்ற ஹார்ப்பரும் பத்து மாதத்தில் அதே 154இல் பட்டம் எடுத்தார். அந்தப் பிரிவில் ஆள் குறைவாக இருந்ததைக் கண்டுகொண்டு வகுத்த திட்டம் அது. ஜோனஸுக்கு 2018இல் பாதியில் நிறுத்தப்பட்ட போட்டி ஒன்றில் தோல்வியும் 2021இல் டெய்லரிடம் ஒரு தோல்வியும் இருந்தும் அந்தத் திட்டம் அவரை மேலே கொண்டுபோனது. மிகவும் புத்திசாலித்தனமான நகர்வு என்று அதைப் போற்றுகிறேன். ஆனால் அது அவர்களே தேர்ந்தெடுத்த எடை. உங்கள் மாணவிக்கு 130 என்பது எதிராளி தேர்ந்தெடுத்த எடை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

எட்டுச் சுற்றுப் போட்டி ஒன்றை முதலில் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஆறு மாதம் காத்திருங்கள். 28 வயது ஒன்றும் முடிந்துபோன வயதல்ல.


பதில்: பயிற்றுநர்126

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. கேட்கப்பட்ட கேள்விகளுக்கு வரிசை மாற்றி விடை தருகிறேன்.

கைக்கட்டுத்துணி ஐயா, காத்திருக்கச் சொல்கிறீர்கள். கடந்த ஓர் ஆண்டில் அவளுக்கு ஐந்து தேதிகள் குறிக்கப்பட்டன. மூன்று முறை எதிராளி போட்டி வாரத்திலேயே விலகினார். அவற்றில் ஒருமுறை மாற்றாகக் கொண்டுவந்தவர் பதினோரு பவுண்டு கூடுதலாக இருந்ததால் நானே மறுத்தேன். ஒவ்வொரு முறையும் எட்டு வாரத் தயாரிப்பு, எடைக் குறைப்பு, வேலையில் விடுப்பு, எல்லாம் வீணாயின. கடைசியாக ஒரு போட்டி கைவிடப்பட்டபோது அவள் கைத்துணியைச் சுற்றி முடித்திருந்தாள். நான் சொன்னதும் ஒரு வார்த்தையும் பேசாமல், சுற்றிய அதே ஒழுங்கோடு அதைப் பிரித்து, உருட்டி, பைக்குள் வைத்தாள். காத்திருப்பதிலும் உடம்பு தேய்கிறது, மனமும் தேய்கிறது.

நீலமூலை அம்மா, ஸ்பாரிங்கில் எட்டுச் சுற்று இரண்டு முறை ஆடியிருக்கிறாள், பத்து ஆடியதில்லை. புதிய ஆள் உள்ளே வரும் முறையில் ஆறு வரைதான். உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனெனில் அதை நான் எனக்கே கேட்டிருக்க வேண்டும். அவள் இயல்பான எடை 134. 126க்கு இறங்குவது அவளுக்குத் துன்பம்தான். ஆகவே 130 அவளுக்கு முற்றிலும் அந்நியமான எடை அல்ல. எதிராளியோ 145லிருந்து இறங்குகிறவர் என்று கேள்விப்படுகிறேன்.

ஜோடிசேர்ப்பவர் ஐயாவிடம் இன்னொரு கேள்வி. ஒப்பந்தத்தின் வரைவு இன்று வந்தது. அவள் வென்றால் அடுத்த மூன்று போட்டிகள் அந்தப் புரமோட்டருக்கே என்று ஒரு ஷரத்து இருக்கிறது. அவர்களுடைய வீராங்கனைக்கு மறுபோட்டி உரிமையும் இருக்கிறது. அவள் தோற்றால் என்ன என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.


பதில்: ஜோடிசேர்ப்பவர்

இந்தத் தகவலை முதலிலேயே தந்திருந்தால் என் முதல் பதிலை வேறு மாதிரி எழுதியிருப்பேன். பரவாயில்லை, இப்போது பேச வேண்டியது இந்த ஷரத்துகளைத்தான்.

மூன்று போட்டி ஷரத்தை அப்படியே ஏற்காதீர்கள். வென்ற பிறகு அவருடைய மதிப்பு ஒரே இரவில் உயரும். அந்த மதிப்பு முழுவதும் பழைய விலையில் அவர்கள் கையில் இருக்கும். ஒரு போட்டிக்குச் சம்மதியுங்கள், அதற்கும் குறைந்தபட்ச ஊதியத்தை எண்ணில் எழுதச் சொல்லுங்கள், எத்தனை மாதத்துக்குள் அந்தப் போட்டியை நடத்த வேண்டும் என்ற கெடுவையும் எழுதச் சொல்லுங்கள். கெடு இல்லாத ஷரத்து ஒரு பூட்டு. ஓர் ஆண்டு அவரைச் சும்மா உட்கார வைத்துவிட்டு "எங்கள் உரிமை இன்னும் இருக்கிறது" என்பார்கள். மறுபோட்டி உரிமை அவர்களுக்கு இருந்தால் அதையே அந்த ஒரு போட்டியாகக் கணக்கிடச் சொல்லுங்கள். இரண்டையும் தனித்தனியாகத் தராதீர்கள்.

தோற்றால் என்ன என்று ஒரு வரியும் இல்லை என்றீர்களே, அதைத்தான் நான் முதலில் கேட்பேன். முடிவு எதுவாயினும் ஆறு மாதத்துக்குள் அவர்களுடைய அரங்கிலேயே எட்டுச் சுற்றுப் போட்டி ஒன்று தர வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். எதிராளிகளை அழைத்துவரவும் அரங்கம் எடுக்கவும் அவர்களிடம் வசதி இருக்கிறது. உங்களிடம் இல்லாதது அதுதான். ஊதியத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது இதை வாங்குங்கள். அம்மா சொன்ன அந்தப் பதினான்கு மாத மௌனத்துக்கு எதிரான காப்பு இது ஒன்றே.

சுற்று எண்ணிக்கையை எட்டாகக் குறைக்கக் கேளுங்கள். இது பட்டப் போட்டி அல்ல என்பதால் அதற்குத் தடை எதுவும் இல்லை. எடையை 128க்குக் கேளுங்கள்; போட்டி நாள் காலையில் இரண்டாவது முறை எடை பார்த்து, இத்தனை பவுண்டுக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது என்ற வரம்பையும் கேளுங்கள். 145லிருந்து இறங்குகிறவர் என்றால் இந்த வரம்புக்குத்தான் அவர்கள் அதிகம் முரண்டு பிடிப்பார்கள். அவர்கள் எதற்கு உடனே சம்மதிக்கிறார்கள், எதற்கு இரண்டு நாள் அவகாசம் கேட்கிறார்கள் என்பதைக் கவனித்தால் உங்கள் மாணவியிடம் அவர்கள் எதைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்பது புரிந்துவிடும்.

அஞ்சல் வழியாகவே எல்லாவற்றையும் கேளுங்கள். தொலைபேசியில் பேசியதை அன்றே எழுதி அனுப்பி உறுதி செய்துகொள்ளுங்கள். அம்மாவுக்கு எட்டு நாள் முன்பு மூன்று பவுண்டு கூட்டியது தொலைபேசியில்தான் நடந்தது.


பதில்: கைக்கட்டுத்துணி

எட்டுச் சுற்று, 128 பவுண்டு, காலை எடை வரம்பு, அடுத்த போட்டிக்கு எழுத்துப்பூர்வ உறுதி, இவை கிடைத்தால் என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன். போன பதிலில் காத்திருங்கள் என்று எளிதாக எழுதிவிட்டேன். அவள் கைத்துணியைப் பிரித்து உருட்டியதைப் படித்த பிறகு அந்த வரி எனக்கே சரியாகப் படவில்லை. காலை எடை வரம்பு கிடைக்காவிட்டால் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். மற்றதில் விட்டுக்கொடுக்கலாம், அதில் கூடாது.


பதில்: பயிற்றுநர்126

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டுச் சுற்றுக்கு அன்றே சம்மதித்தார்கள். மூன்று போட்டி ஷரத்து ஒன்றாகக் குறைந்தது. மறுபோட்டியும் அதற்குள்ளேயே அடங்கும், கெடு ஏழு மாதம். தோற்றாலும் ஆறு மாதத்துக்குள் ஒரு போட்டி என்பதை எழுதிக் கொடுத்தார்கள், அதற்காக ஊதியத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தேன். எடை 129இல் நின்றது. காலை எடை வரம்புக்கு, ஐயா சொன்னது போலவே, நான்கு நாள் பதிலே இல்லை. நான் மீண்டும் எழுதினேன். அது இல்லாமல் கையெழுத்து இல்லை என்று ஒரே வரி. ஐந்தாம் நாள் இரவு, 139க்கு மேல் போகக் கூடாது என்ற வரம்போடு ஒப்பந்தம் திரும்பி வந்தது.

அவளிடம் காட்டினேன். ஊதியத்தைக் குறைத்தது எதற்காக என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னதும் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "தோற்றாலும் ஒரு தேதி இருக்கிறது என்று தெரிந்தால் எட்டாவது சுற்றிலும் என்னால் துணிந்து குத்த முடியும்" என்றாள். பிறகு கையெழுத்திட்டாள்.

நேற்று முதல் ஸ்பாரிங் முறையை மாற்றியிருக்கிறேன். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை புதிய ஆள், மொத்தம் பத்துச் சுற்று. ஏழாவது சுற்றில் மரக்கட்டையைத் தட்டும்போது அவளுடைய இடது கை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு விரல் இறங்கியது. அடுத்த பயிற்சி நாளை மறுநாள்.